1920களின் கடைசியில் வந்த அமெரிக்கச் சொகுசுக் கார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார்களின் படத்தைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது இரண்டு: எவ்வளவு வேகம் போகும், என்ன விலை. இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு இந்தக் கார்களை வாங்கியவர்கள் முக்கியமாகக் காசு கொடுத்தது சத்தமும் அதிர்வும் இல்லாத ஓட்டத்துக்கு. அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த வண்டிகளில் பல விஷயங்கள் ஏன் அப்படிச் செய்யப்பட்டன என்பது புரியும்.

எந்தெந்தக் கம்பெனிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

டெட்ராய்ட்டில் பேக்கார்ட், கேடிலாக், லிங்கன். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் பியர்ஸ்-ஆரோ, சிராக்யூஸில் ஃபிராங்க்ளின். கிளீவ்லாந்தில் பியர்லெஸ். இண்டியானா மாநிலத்தில் டியூசன்பெர்க், ஸ்டட்ஸ், மார்மன், ஆபர்ன், கார்ட் என்று ஒரு கூட்டமே இருந்தது. கிரைஸ்லரின் இம்பீரியலையும், ஜெனரல் மோட்டார்ஸ் 1927ல் கொண்டுவந்த லாசாலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பேக்கார்ட், பியர்லெஸ், பியர்ஸ்-ஆரோ மூன்றையும் முன்பெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 'மூன்று பி' என்பார்கள். 1920களின் கடைசிக்குள் பியர்லெஸின் மதிப்பு இறங்கிவிட்டது. பியர்ஸ்-ஆரோவும் பணத்துக்குத் திணறி 1928ல் ஸ்டூடபேக்கரோடு சேர்ந்தது. உண்மையில் அந்தச் சில வருடங்கள் பேக்கார்டின் காலம். சொகுசுக் கார் விற்பனையில் கேடிலாக்கையே பின்னால் தள்ளியிருந்தார்கள்.

பெயர்ப் பலகையைப் பார்க்காமல் எந்தக் கார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஹெட்லைட் முன் மட்கார்டின் மேலேயே முளைத்தது மாதிரி இருந்தால் அது பியர்ஸ்-ஆரோ. 1914ல் ஹெர்பர்ட் டாலி காப்புரிமை வாங்கிய வடிவம் அது. பிடிக்காதவர்களுக்குச் சாதாரண ஹெட்லைட்டும் போட்டுத் தந்தார்கள் என்பதால், அது இல்லையென்றால் பியர்ஸ்-ஆரோ இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

பேக்கார்டுக்கு ரேடியேட்டரின் தோள்பட்டை வளைவே அடையாளம். சக்கரத்தின் நடுமூடியில் சிவப்பு அறுகோணம் இருக்கும். ரேடியேட்டர் மூடியில் பாயும் வேட்டை நாய் நின்றால் லிங்கன். எகிப்தியச் சூரியக் கடவுளான 'ரா'வின் தலை இருந்தால் ஸ்டட்ஸ். ஃபிராங்க்ளின் காற்றால் குளிரும் எஞ்சின், தண்ணீரே கிடையாது. முன்னால் தெரிவது அழகுக்கு வைத்த முகப்பு மட்டும்தான்.

ஒரே வருடம், ஒரே மாடல். ஆனால் இரண்டு வண்டிகளும் வேறு வேறாக இருக்கின்றனவே?

ஏனென்றால் கம்பெனி விற்றது பல நேரம் சேசிஸை மட்டும்தான். எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்பிரிங், ரேடியேட்டர், பானட், மட்கார்டு வரை கம்பெனி வேலை. அதற்கு மேல் பாடி கட்டுவது வேறொரு பட்டறை. நல்ல துணியாக எடுத்துக்கொண்டு, கைராசியான தையல்காரரைத் தேடிப் போகிற கதைதான்.

அந்தப் பட்டறைகளின் பெயர்கள் இன்றைக்கும் கார் பெயர்களுக்குச் சமமாக மதிக்கப்படுகின்றன. நியூயார்க்கில் லெபாரன், புரூஸ்டர், ரோல்ஸ்டன். பென்சில்வேனியாவில் டெர்ஹம், ஃபிளீட்வுட். மாசசூசெட்ஸில் ஜட்கின்ஸ். பஃபலோவில் புரூன். கலிபோர்னியாவின் பாசடீனாவில் மர்ஃபி. லெபாரனைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ரேமண்ட் டீட்ரிக், பிறகு டெட்ராய்ட்டுக்குப் போய்த் தன் பெயரிலேயே தொழில் நடத்தினார். ஒரு பேக்கார்டின் மீது 'டீட்ரிக்' தகடு இருந்தால் அதன் மதிப்பே வேறு.

எல்லா வாடிக்கையாளரும் காகிதத்தில் படம் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போகவில்லை. ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல் லிங்கனில் ஒரு வழி செய்தார். நல்ல பட்டறைகளிடம் வடிவம் கேட்டு வாங்கி, பிடித்ததைச் சிறு சிறு தொகுதிகளாக ஆர்டர் கொடுத்து, விற்பனைப் பட்டியலில் சேர்த்துவிட்டார். கைவேலையும் கிடைத்தது, காத்திருப்பும் குறைந்தது. அப்பா எதையும் கறுப்பில் போதும் என்ற ஆள். மகனுக்கு இருந்த கண்ணும் ரசனையும் அந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் இல்லை என்றே சொல்வேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் இந்த வேலையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. லாஸ் ஏஞ்சலஸில் சினிமாக்காரர்களுக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்த ஹார்லி ஏர்லை அழைத்து வந்து லாசாலை வரையச் சொன்னார்கள். ஐரோப்பாவின் ஹிஸ்பானோ-சுய்சா அவருக்கு முன்மாதிரி, அதை அவர் மறைக்கவும் இல்லை. லாசால் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, அதே 1927ல் கம்பெனிக்குள் வடிவமைப்புக்கென்றே ஒரு தனிப் பிரிவு தொடங்கி அவர் கையில் கொடுத்தார்கள்.

ஏன் குறிப்பாக 1920களின் கடைசி?

பல விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடி வந்தன. அதற்குமுன் பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆகும். டூபாண்ட் கம்பெனியின் டூகோ வந்ததும் அது சில மணி நேர வேலையானது, கண்ணைப் பறிக்கும் நிறங்களும் வந்தன. காற்று குறைவாக அடைக்கும் பருத்த பலூன் டயர் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வந்தது. கேடிலாக் 1929 மாடலில் உடைந்தால் சிதறாத பாதுகாப்புக் கண்ணாடி போட்டது. இதோடு பங்குச் சந்தையில் பணம் கொழித்த காலம். வாங்க ஆள் இருந்ததால் கைவேலைப் பட்டறைகளும் முழு மூச்சாக இயங்கின.

என்ன விலை விற்றது?

ஒப்பிட்டால்தான் தெரியும். 1927 கடைசியில் வந்த ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர் 385 டாலர். 1929 பேக்கார்ட் ஸ்டாண்டர்ட் எய்ட் 2,500 டாலருக்குள் தொடங்கியது. டியூசன்பெர்க் ஜே, பாடி இல்லாமல் வெறும் சேசிஸ் மட்டும் 8,500 டாலர்.

நேர் எட்டா, வி-8ஆ? எது நல்ல எஞ்சின்?

அன்றைக்கே இதற்காக அடித்துக்கொண்டார்கள். எட்டு சிலிண்டரையும் ஒரே வரிசையில் வைத்தால் நேர் எட்டு. நாலு நாலாக இரண்டு வரிசையில், 'வி' எழுத்து மாதிரி சாய்த்து வைத்தால் வி-8.

கேடிலாக் 1914 கடைசியிலேயே வி-8க்குப் போய்விட்டது. முதலில் இருந்த அதிர்வை 1924 மாடலில், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கின் அமைப்பையே மாற்றித் தீர்த்தார்கள். 1928ல் வந்த 341 மாடல், தன் எஞ்சினின் கன அங்குல அளவையே பெயராகக் கொண்டது. இன்றைய கணக்கில் சுமார் 5.6 லிட்டர், 90 குதிரைத்திறன்.

பேக்கார்ட் எட்டு சிலிண்டரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. பார்க்க அழகு, பானட் நீளமாகும், வண்டிக்கு ஒரு கம்பீரம் வரும். ஆனால் கிராங்க் நீண்டால் அது முறுக்கிக்கொண்டு அதிரும். அதை அடக்க, கிராங்கைத் தாங்கிப் பிடிக்கும் மெயின் பேரிங் ஒன்பது வைத்தார்கள், கிராங்கின் முனையில் அதிர்வு தாங்கியும் வைத்தார்கள். தலைமைப் பொறியாளர் ஜெஸ்ஸி வின்சென்ட் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர்.

லிங்கனின் வி-8ல்தான் எனக்குப் பிடித்த நுணுக்கம் இருக்கிறது. சாதாரண வி எஞ்சினில் எதிரெதிர் சிலிண்டர்களின் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் கிராங்க் பின்னில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். அதனால் ஒரு வரிசை மற்றதைவிடச் சற்று முன்தள்ளி நிற்கும். லிங்கனில் ஒரு ராடின் அடி இரண்டாகப் பிளந்த கவை, எதிர் ராடு அந்தக் கவைக்கு நடுவே நுழைந்து உட்காரும். இரண்டு வரிசையும் நேருக்கு நேர். செய்வதற்குப் படாத பாடு பட வேண்டும், செலவும் அதிகம். ஹென்றி லீலண்டின் கைவண்ணம் அது. கேடிலாக்கை வளர்த்தவர் அவர். 1917ல் லிங்கனைத் தொடங்கி முதலில் விமான எஞ்சின் செய்தார். 1922ல் கம்பெனி நொடித்து, 80 லட்சம் டாலருக்கு ஃபோர்டு கைக்குப் போனது. சில மாதங்களில் லீலண்ட் வெளியேறினார். அவர் வகுத்த எஞ்சினோ 1930 வரை ஓடியது.

ஒரு வேடிக்கையான பொருத்தமும் உண்டு. 1928 லிங்கனின் வி-8க்கும் பேக்கார்டின் பெரிய நேர் எட்டுக்கும் சிலிண்டர் விட்டம் மூன்றரை அங்குலம், பிஸ்டன் ஓட்டம் ஐந்து அங்குலம். இரண்டுமே சுமார் 6.3 லிட்டர். வழி வேறு, அளவு ஒன்று.

என்னைக் கேட்டால் ஓட்டுவதற்குப் பேக்கார்ட், பிரித்துப் பார்ப்பதற்கு லிங்கன்.

டியூசன்பெர்க் ஜே: 265 குதிரைத்திறன் என்பது உண்மையா?

கம்பெனி சொன்ன கணக்கு அது. வண்டியில் பொருத்திய நிலையில் எவ்வளவு தேறும் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. குறைத்தே எடுத்துக்கொண்டாலும் 1928ல் அமெரிக்காவில் அதற்குப் பக்கத்தில் வர ஆளில்லை. பேக்கார்டின் பெரிய எஞ்சின் 106 தான்.

டிசம்பர் 1, 1928ல் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமானது. ஆபர்ன் கம்பெனியை நடத்திவந்த இ. எல். கார்ட் 1926ல் டியூசன்பெர்க் கம்பெனியை வாங்கி, ஃபிரெட் டியூசன்பெர்கிடம் உலகத்திலேயே சிறந்த காரைச் செய்து கொடுங்கள் என்று கேட்டதன் விளைவு. 6.9 லிட்டர் நேர் எட்டு, சிலிண்டர்களின் தலைக்கு மேலே வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம்ஷாஃப்ட், ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு வீதம் 32 வால்வு. எஞ்சினைச் செய்து கொடுத்தது லைகமிங். மற்ற சொகுசுக் கார்கள் பெரும்பாலும் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் வால்வு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது பந்தயக் காரின் அமைப்பை இவர்கள் வீட்டுக் காருக்குக் கொண்டுவந்தார்கள்.

இதிலும் அதிர்வுக்கு ஒரு வைத்தியம் உண்டு. கிராங்கில் பாதரசம் அடைத்த குப்பிகளைப் பொருத்தினார்கள். கிராங்க் முறுக்கிக்கொள்ளும்போது பாதரசம் குலுங்கி அந்த விசையைத் தின்றுவிடும். டேஷ்போர்டில் உயரமானி இருக்கும். எண்ணெய் மாற்ற, பேட்டரித் தண்ணீர் பார்க்க நேரமாகிவிட்டது என்று நினைவூட்டும் விளக்குகள் இருக்கும்.

மொத்தம் செய்தது சுமார் 480 வண்டிகள். அபாரமான கார்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்துக் காரென்றால் டியூசன்பெர்க் மட்டும்தான் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. வருடத்துக்குச் சுமார் 50,000 வண்டிகளை அந்தத் தரத்தில் கட்டி அனுப்பிய பேக்கார்டின் சாதனை சின்னதல்ல.

கார்ட் எல்-29 முன்சக்கரத்தில் ஓடுவதாமே?

ஆமாம். 1929ல் வந்தது. அமெரிக்காவில் முன்சக்கர ஓட்டத்தோடு தொடர்ந்து விற்பனைக்குச் செய்த முதல் கார் என்று சொல்லலாம். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்ட் வண்டிக்கடியில் ஓடாததால் பாடி தரையோடு படிந்து நிற்கும். அழகில் அதை மிஞ்ச அந்த வருடம் எதுவும் இல்லை. ஆனால் கியர்பாக்ஸ் முன்னால் போனதால் எஞ்சின் பின்னுக்குத் தள்ளப்பட்டது, முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்தது. வழுக்கும் மேட்டில் ஏறும்போது சக்கரம் பிடிக்காமல் சுற்றும்.

எப்படி ஸ்டார்ட் செய்வது? சாவியைத் திருப்பினால் போதுமா?

போதாது. வண்டிக்கு வண்டி சின்ன வித்தியாசம் இருந்தாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

பெட்ரோல் டேங்க் பின்னால் இருக்கிறது, எஞ்சின் முன்னால். பல வண்டிகளில் நடுவே பம்ப் கிடையாது. எஞ்சினின் உறிஞ்சலை வைத்தே பெட்ரோலை இழுத்துவரும் ஒரு சின்ன வேக்குவம் டேங்க், பானட்டுக்குள், எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வாலில் தொங்கும். வண்டி பல வாரம் நின்றிருந்தால் அது வற்றிப்போயிருக்கும். எஞ்சின் ஓடினால்தான் பெட்ரோல் வரும், பெட்ரோல் வந்தால்தான் எஞ்சின் ஓடும்! அதனால் மேலேயுள்ள சின்னத் திருகைக் கழற்றி ஒரு டம்ளர் பெட்ரோலை நாமே ஊற்ற வேண்டும்.

அப்புறம் உள்ளே ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங் நடுவில் உள்ள, தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை மாற்றும் ஸ்பார்க் லீவரைத் தாமத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கை ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்து, சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டரை மிதிக்க வேண்டும். எட்டு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்ததும் சோக்கை மெல்ல உள்ளே தள்ளி, ஸ்பார்க்கை முன்னேற்ற வேண்டும். அதற்குள் கண் ஆயில் பிரஷர் முள்ளின் மேல் இருக்க வேண்டும். முள் எழவில்லையென்றால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். இந்த எஞ்சின்களின் பேரிங், உருக்கி ஊற்றிய பாபிட் என்ற மென்மையான உலோகம். எண்ணெய் இல்லாமல் சில விநாடி ஓடினாலே போச்சு.

பேக்கார்டில் இன்னொரு வேலையும் உண்டு. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கைப்பிடி. தினம் ஒருமுறை இழுத்துவிட்டால் சேசிஸ் முழுக்க ஓடும் மெல்லிய குழாய்கள் வழியே எண்ணெய் ஸ்பிரிங் மூட்டுகளுக்கெல்லாம் போய்ச் சேரும். பைஜூர் அமைப்பு என்று பெயர். மற்ற வண்டிக்காரர்கள் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகக் கிரீஸ் அடித்த காலத்தில் இது பெரிய வசதி.

கியர் போடுவது கஷ்டமா?

பழகும்வரை கஷ்டம். கேடிலாக்கும் லாசாலும் 1929 மாடலில், கியர்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் கொண்டுவந்தன. ஏர்ல் தாம்சன் கண்டுபிடித்தது. மற்ற வண்டிகளில் இரட்டைக் கிளட்ச்தான்: கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியர். இறங்கும்போது நடுவில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்ட வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால் அடிக்கடி கியர் மாற்றவே வேண்டியதில்லை. ஆள் நடக்கும் வேகத்துக்குத் தணிந்துவிட்டு, டாப் கியரிலேயே திணறாமல் மறுபடி இழுக்கும். அதற்காகத்தான் ஆறு லிட்டருக்கு மேல் எஞ்சின்.

நெடுஞ்சாலையில் எந்த வேகத்தில் ஓட்டலாம்?

மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வரை சுகமாகப் போகும். அதற்குமேல் போகத் திராணி உண்டு, ஆனால் பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். டியூசன்பெர்க், கிரைஸ்லர் போன்ற சிலவற்றில்தான் ஹைட்ராலிக் பிரேக். பேக்கார்ட், கேடிலாக், லிங்கன் எல்லாம் கம்பியும் கேபிளும் இழுக்கிற பிரேக். இரண்டு டன் வண்டி. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் தாராளமாக இடைவெளி விடுங்கள்.

இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

ஆக்டேன் பிரச்சினை இல்லை. கம்ப்ரஷன் ஐந்துக்கு ஒன்று அளவில்தான், அன்றைய பெட்ரோல் இன்றையதைவிட மட்டமானது. தொல்லை தருவது எத்தனால். கார்புரேட்டரின் கார்க் மிதவையில் பூசிய பழைய அரக்குப் பூச்சைக் கரைத்துவிடும், ரப்பரையும் கெடுக்கும். வெயிலில் நின்றால் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோவதும் உண்டு.

வாங்குவதாக இருந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

பெயிண்ட்டையும் குரோமையும் கடைசியாகப் பாருங்கள். பாடியின் எலும்புக்கூடு மரம், பெரும்பாலும் ஆஷ் மரம். அதன்மேல்தான் இரும்பு அல்லது அலுமினியத் தகடு. தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் உளுத்திருக்கும். கதவைப் பாதி திறந்து, விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீல் மட்டும் ஆடினால் சமாளிக்கலாம். கீல் பதிந்திருக்கும் தூணே சேர்ந்து அசைந்தால் மரம் போய்விட்டது. மரத்தை மாற்றுவதென்றால் தகடு முழுவதையும் கழற்ற வேண்டும். எஞ்சின் ஓவர்ஹாலைவிட அது பெரிய செலவு.

அடுத்து பாட் மெட்டல். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கைப்பிடிகள் என்று பலவற்றைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அந்தக் காலக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தங்கள் இருந்ததால் வருடங்கள் போகப்போக உப்பி, வெடித்து, பொடிந்துவிடும். ஒட்டவைக்க முடியாது, புதிதாக வார்க்கத்தான் வேண்டும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: பாடியும் சேசிஸும் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருப்பவைதானா? திறந்த கார்களுக்கு விலை அதிகம் என்பதால், சாதாரண செடானின் பாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேட்டன் என்ற திறந்த பாடியை ஏற்றிய வண்டிகள் நிறைய உண்டு. டியூசன்பெர்குகளில் 1930களிலேயே பாடி மாற்றுவது சகஜம். எஞ்சின் எண், சேசிஸ் எண், பாடி எண் மூன்றையும் எழுதிக்கொண்டு, அந்தந்த கார் சங்கத்தின் பதிவோடு ஒத்துப்பாருங்கள். பேக்கார்டில் ஃபயர்வாலில் ஒரு தகடு இருக்கும். வண்டி எண், விற்ற டீலரின் பெயர், ஒப்படைத்த தேதி எல்லாம் அதில் பொறித்திருக்கும். அந்தத் தகடு தேய்ந்து, அழுக்கேறி, பழசாக இருப்பதே நல்லது. புத்தம் புதிதாக மின்னினால் கேள்வி கேளுங்கள்.

முழுதாகப் புதுப்பிப்பதா, அப்படியே விடுவதா?

முதல் பெயிண்ட்டும் முதல் சீட் துணியும் இன்னும் இருக்கிற வண்டி கிடைத்தால் தயவுசெய்து தொடாதீர்கள். எஞ்சினையும் பிரேக்கையும் டயரையும் சரிசெய்து ஓட்டுங்கள். அந்த மரத்தச்சர் எப்படி மூட்டுப் போட்டார், அந்தப் பெயிண்ட் எந்த அளவு பளபளத்தது என்பதற்கெல்லாம் இனி அந்த வண்டிதான் சாட்சி. இன்று கலிபோர்னியாவின் பெப்பிள் பீச் போன்ற பெரிய கண்காட்சிகளிலேயே புதுப்பிக்காத வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே சிதைந்துபோன வண்டி என்றால் தாராளமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் கம்பெனி கொடுத்ததைவிட அதிகமாகக் குரோம் பூசுவது எனக்கு உடன்பாடில்லை.

இந்தக் கம்பெனிகளெல்லாம் எங்கே போயின?

1929 அக்டோபர் சரிவுக்குப் பிறகும் சில வருடம் தாக்குப்பிடித்தன. கேடிலாக்கின் வி-16 வெளிவந்ததே 1930 ஜனவரியில்தான். திட்டம் போட்டது நல்ல காலத்தில், விற்க வேண்டியிருந்தது கெட்ட காலத்தில். பியர்லெஸ் 1931ல் கார் செய்வதை நிறுத்திவிட்டு, மதுவிலக்கு முடிந்ததும் அதே தொழிற்சாலையில் பீர் காய்ச்சியது. மார்மன் 1933ல், ஃபிராங்க்ளின் 1934ல் நின்றன. ஆபர்ன், கார்ட், டியூசன்பெர்க் மூன்றும் 1937ல் ஒன்றாக விழுந்தன, பியர்ஸ்-ஆரோ 1938ல். பேக்கார்ட் 1935ல் விலை குறைந்த 120 மாடலைக் கொண்டுவந்து பிழைத்து, 1958 வரை ஓடியது. கேடிலாக்குக்கும் லிங்கனுக்கும் பின்னால் பெரிய கம்பெனி இருந்தது. அவை இரண்டும் தாக்குப்பிடித்ததற்கு அதுவே காரணம், அவற்றின் கார் மற்றதைவிட மேல் என்பதல்ல.

இந்தியாவுக்கு வந்தனவா?

வந்தன, வலப்பக்க ஸ்டீயரிங்கோடு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாயில் கார் பூட்டும் ஆலையே தொடங்கியது. டியூசன்பெர்க் என்றால் இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கருக்காக லண்டனின் கர்னி நட்டிங் பாடி கட்டிய வண்டிதான் பெயர் பெற்றது. ஆனால் அது 1930களின் நடுவில் வந்தது. இப்போது 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்திருக்கிறது. நம்பர் பிளேட்டில் 'வி ஏ' எழுத்துகள் வரும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

அமெரிக்கா போனால் எங்கே பார்க்கலாம்?

இண்டியானாவின் ஆபர்ன் நகரில், ஆபர்ன் கம்பெனியின் பழைய தலைமை அலுவலகமும் ஷோரூமுமே அருங்காட்சியகமாக இருக்கிறது. டியூசன்பெர்க், கார்ட் எல்லாம் அங்கே. ஒஹையோவின் டேட்டனில் பழைய பேக்கார்ட் டீலர் கட்டடத்துக்குள்ளேயே பேக்கார்ட் அருங்காட்சியகம். பியர்ஸ்-ஆரோவுக்குப் பஃபலோ. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் மிஷிகனில் ஹிக்கரி கார்னர்ஸ் என்ற ஊரிலுள்ள கில்மோர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். லிங்கன், கேடிலாக், பியர்ஸ்-ஆரோ, ஃபிராங்க்ளின் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம்.